ஃபெரி நேரத்தில் ஓடிய கணினி

ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. இன்னமும் பழைய கடையிலிருந்து மாதம் ஒரு தடவையாவது போன் வந்துவிடுகிறது. போன மாதம் கூப்பிட்டது கவிதா. நான் விட்டுவந்த மேசையில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண், கெட்டிக்காரி. ஒரு வாடிக்கையாளரின் மேசைக் கணினியில் மின்னஞ்சலோடு வரும் நாட்காட்டி ஒன்று சொல்கிறதாம், அவருடைய கைப்பேசி வேறொன்று சொல்கிறதாம். எல்லாவற்றையும் மூன்று முறை அழித்துவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்துவிட்டாள். கடவுச்சொல்லை மாற்றியாயிற்று, கணக்கை நீக்கிச் சேர்த்தாயிற்று. இனிமேல் என்னதான் செய்வது என்று கேட்டாள்.

நான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி. அந்த மேசைக் கணினி இப்போது மணி என்ன காட்டுகிறது?

வயதானவர்களிடம் பேசும்போது பிள்ளைகளுக்கு ஒரு தனிக் குரல் வரும். அந்தக் குரலில், அதெல்லாம் இப்போது தானாகவே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் அங்கிள் என்று பொறுமையாக விளக்கினாள். எனக்கும் தெரியும். இருந்தாலும் போய்ப் பார் என்றேன். பார்த்தாளா என்று தெரியாது. ஏன் அப்படிக் கேட்டேன் என்பதை எழுதித் தருவதாக மட்டும் சொல்லியிருந்தேன். அதுதான் இது.

என் பெயர் சூசை. எழுபதுகளின் நடுவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த கடையில், தட்டச்சுப் பொறி பழுது பார்ப்பவனாகச் சேர்ந்தேன். பத்து வருடம் நாடா மாற்றினேன், வளைந்த எழுத்துகளை நிமிர்த்தினேன். பிறகு கணினி வந்தது. முதலாளி என்னை இரண்டு வாரம் கோலாலம்பூருக்குப் படிக்க அனுப்பினார். திரும்பி வந்ததும் 'கணினி நிபுணர்' என்று அட்டை அடித்துக் கொடுத்துவிட்டார். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

முதலாளியின் பெயர் லிம். சீனர். நாங்கள் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை, கடையில் உட்கார்ந்தும் பார்த்ததில்லை. ஊறவைத்த ஜாதிக்காய்த் துண்டு ஒன்றை வாயின் ஓரத்தில் அடக்கிக்கொண்டு நின்றபடியே இருப்பார். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. வெளியே வேலைக்குப் போனால் வேலைத்தாள் எழுத வேண்டும். மூன்று படி: வெள்ளை வாடிக்கையாளருக்கு, இளஞ்சிவப்பு கடைக் கோப்புக்கு, மஞ்சள் நமக்கு. கை செய்த ஒவ்வொன்றும் அதில் வரிசை எண் போட்டு வர வேண்டும். விசைப்பலகையைத் துடைத்தால் அதையும் எழுது. தேநீர் கொடுத்தார்கள் என்றால் எழுத வேண்டாம். அது விசைப்பலகையில் சிந்தினால் எழுது.

சாயந்தரம் நின்றுகொண்டே எல்லா இளஞ்சிவப்புத் தாள்களையும் வாசிப்பார். எங்கேயாவது ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று பட்டால், "லெப்பாஸ் இத்து?" என்பார். மலாயில், பிறகு என்ன செய்தாய் என்று அர்த்தம். கோபமே இருக்காது. ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்குப் பயந்து, நான் திருகாணியைக் கீழே போட்டு எடுத்ததைக்கூட எழுதியிருக்கிறேன்.

இனி வழக்கறிஞர் மயில்வாகனத்தின் அலுவலகத்துக்கு வருகிறேன். பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மாடி. மயில்வாகனம் யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா, அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், இவர் வழக்கறிஞர். சிரித்தால் கட்டணம் குறைந்துவிடும் என்று நினைப்பவர்போல இருப்பார். ஆனால் யாரையும் ஏமாற்றியவர் என்று ஊரில் ஒரு சொல் கிடையாது. அவரிடம் இருந்த ஒரே ஊழியர் புஷ்பம். வயது நாற்பத்து நாலு, கல்யாணமாகவில்லை, அம்மாவோடு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் வேலை. வேறு எந்த அலுவலகத்தின் கதவையும் வேலைக்காகத் தட்டியதில்லை.

அந்த அலுவலகத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. அங்கே எல்லாக் கடிகாரமும் அரை மணி நேரம் கூடுதலாக ஓடும். மயில்வாகனத்துக்குப் பாதி வழக்குகள் அக்கரையில், பட்டர்வொர்த் நீதிமன்றத்தில். கடலைத் தாண்டும் ஃபெரியை ஒரு தடவை தவறவிட்டால் நீதிபதி முன்னால் மூச்சிரைக்க நிற்க வேண்டிவரும். அதனால் எப்போதோ சுவர்க் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்துவிட்டார். அதற்குப் பெயர் ஃபெரி நேரம். எண்பத்திரண்டாம் ஆண்டு பிறந்தபோது, மலாய்த் தீபகற்பம் முழுவதும் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளச் சொன்னது அரசாங்கம். விடுமுறை முடிந்து திறந்த முதல் நாள், மயில்வாகனத்தின் சுவர்க் கடிகாரம் யாரும் தொடாமலேயே சரியான நேரம் காட்டியது. காலை பத்து மணிவரை பொறுத்துப் பார்த்தாராம். பிறகு நாற்காலி போட்டு ஏறி இன்னொரு அரை மணி தள்ளிவிட்டு இறங்கினாராம். புஷ்பம்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அங்கே வேலை செய்பவர்களுக்கு அது பழகிவிட்டது. சுவரைப் பார்ப்பார்கள், மனதுக்குள் அரை மணியைக் கழிப்பார்கள், வாயால் சரியான நேரத்தைச் சொல்வார்கள். இரண்டு மூன்று முறை போய்வந்த பிறகு நானும் அப்படியே செய்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் மயில்வாகனம் ஓர் ஆர்கனைசர் வாங்கினார். உள்ளங்கை அளவு கருவி. ஒரு குச்சியால் திரையில் எழுத வேண்டும். இன்றைய கைப்பேசிக்கு மூத்த அண்ணன். என்ன, பேசத்தான் வராது. அதை உட்கார வைக்க ஒரு தொட்டில் கொடுத்திருப்பார்கள். தொட்டிலின் வால் கணினியில் செருகியிருக்கும். கருவியைத் தொட்டிலில் வைத்துப் பொத்தானை அமுக்கினால், அதில் இருக்கும் நாட்காட்டியும் கணினியில் மின்னஞ்சலோடு இருக்கும் நாட்காட்டியும் ஒன்றையொன்று பார்த்து, வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். இவர் நீதிமன்றத்தில் தேதி குறிப்பார், புஷ்பம் அலுவலகத்தில் குறிப்பார், சாயந்தரம் இரண்டும் ஒன்றாகிவிடும். அதைப் பூட்டிக் கொடுக்கப் போனவன் நான்.

அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் வேலை. கணினி என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. ஒரே குறிப்பை இரண்டு பக்கமும் மாற்றியிருந்தால் என்ன செய்யட்டும்? இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், அல்லது கடைசியாக மாற்றியதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம். இரண்டையும் வைத்துக் காட்டினேன். மயில்வாகனம் பார்த்துவிட்டு, ஒரு மனிதன் இரண்டு இடத்தில் ஆஜராக முடியாது என்றார். சரி, கடைசியாக மாற்றியது வெல்லும் என்று வைத்தேன். அவர் உள்ளே போனதும் புஷ்பம் வந்து, கணினிக் கடிகாரத்தை ஃபெரி நேரத்துக்கு வைக்க முடியுமா என்று கேட்டார். சுவர் ஒன்று சொல்லி இது ஒன்று சொன்னால் சாருக்குப் பிடிக்காதாம். அதோடு நினைவூட்டும் மணியும் அரை மணி முந்தி அடிக்கும், நல்லதுதானே.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இதெல்லாம் ஒரு நிமிஷ வேலை" என்று பந்தாவாகச் சொல்லிவிட்டு, அரை மணி தள்ளி வைத்தேன். ஆர்கனைசரை மட்டும் மயில்வாகனம் வானொலி நேரத்துக்கு வைத்திருந்தார். நீதிமன்றத்தில் ஃபெரி நேரம் செல்லாது. நான் வேலைத்தாளை எழுதி, வெள்ளைப் படியைப் புஷ்பத்திடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு வருடம் எந்தத் தொல்லையும் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, மயில்வாகனத்துக்கு அந்தக் கருவி மேல் அப்படி ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. முன்பெல்லாம் நீதிமன்றத்திலிருந்து வந்ததும் அடுத்த தேதியைப் புஷ்பத்திடம் வாயால் சொல்வார். இப்போது பேசாமல் தொட்டிலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

பிறகுதான் அக்கரையில் சுங்கை பாக்காப் ஊர்க்கார அம்மா ஒருவரின் வழக்கு வந்தது. புருஷன் விட்டுப்போன அரை ஏக்கர் நிலம். பக்கத்துத் தோட்டக்காரர் வேலியை உள்ளே தள்ளிப் போட்டுவிட்டார். விசாரணை மாதக் கடைசியில், இருபத்தெட்டாம் தேதி. அன்று காலை கறுப்பு அங்கியைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, ஃபெரி ஏறிப் போனார் மயில்வாகனம். அம்மா நேரே அங்கே வந்து காத்திருந்தார், இருவரும் நீதிமன்றத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பெயரைக் கூப்பிடவே இல்லை. போய் விசாரித்தால், அந்த வழக்கு ஒரு வாரத்துக்கு முன்பே, இருபத்தொன்றாம் தேதியே விசாரணைக்கு வந்து, வாதி தரப்பில் யாரும் வராததால் தள்ளுபடியாகிவிட்டது என்றார்கள்.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. மாதத் தொடக்கத்தில் வேறொரு வழக்குக்காகப் போயிருந்தபோது, நீதிபதி விடுப்பில் போகிறார் என்று விசாரணையை இருபத்தொன்றுக்கு முன்தள்ளினார்கள். இவர் அங்கேயே நின்று, குச்சியை எடுத்து ஆர்கனைசரில் மாற்றினார். அது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் இப்போது ஆர்கனைசரும் இருபத்தெட்டு என்றது, கணினியும் இருபத்தெட்டு என்றது.

அன்று செவ்வாய்க்கிழமை. மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்கள். மயில்வாகனம் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். அந்தக் குறிப்பின் அடியில், கடைசியாக மாற்றிய நேரம், அவர் நீதிமன்றத்தில் தேதியை மாற்றிய அதே நாள் காலை பத்து மணி ஐந்து நிமிடம் என்று இருந்தது. தான் நீதிமன்றத்தில் மாற்றியது பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என்றார். அதாவது, தான் மாற்றிய பிறகு யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தக் குறிப்பில் கை வைத்திருக்கிறார்கள். அலுவலகத்தில் இருப்பது ஒருவர்தான்.

புஷ்பம் மறுக்கவில்லை. தான் அதைத் திறந்தது உண்மைதான் என்றார். சுங்கை பாக்காப் அம்மாவின் மகள் போன் பண்ணி, அம்மாவுக்கு முழங்கால் வலி, நீதிமன்றத்தில் சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதைக் குறிப்பில் சேர்த்திருக்கிறார். ஆனால் அது ஒன்பதரைக்குக் கொஞ்சம் பிறகு, தபால் ஆபீஸுக்குக் கிளம்புமுன் என்றார். பத்து மணிக்குத் தான் அங்கே இல்லவே இல்லை என்றார். மயில்வாகனம் திரையைக் காட்டி, பொய் சொல்ல இதற்கு ஒரு காரணமும் இல்லை என்றார்.

வழக்கை மறுபடி எடுத்துக்கொள்ளச் சொல்லி மனுப் போடலாம். ஆனால் ஏன் வரவில்லை என்பதைச் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை மனு போக வேண்டும். தப்பு கருவியினுடையதா, ஊழியருடையதா என்று வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நான் சொல்ல வேண்டும் என்றார். கருவியில் தப்பில்லை என்றால், ஊழியரை வேலையிலிருந்து நீக்கிய கடிதத்தையும் மனுவோடு சேர்த்து வைப்பார். அலுவலகம் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நீதிபதிக்குத் தெரிய வேண்டுமாம்.

வெளியே வந்தபோது புஷ்பம் அந்தக் கடிதத்தை எனக்குக் காட்டினார். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, தயாராக இருந்தது.

"நான்தான் அடிச்சேன் அண்ணே. சார் சொன்னாங்க, எழுதிக்கிட்டேன், அடிச்சேன். வேற யாரு இருக்கா இங்க?"

இரண்டு படி. ஒரு எழுத்துப்பிழை இல்லை. ஓரம் விட்டதுகூட அளவு பிசகவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். அவர் தலையாட்டினார். பிறகு மெதுவாக, ஒருவேளை தான்தான் தூக்கக் கலக்கத்தில் தேதியை மாற்றிப் போட்டிருப்போமோ என்று கேட்டார். இருபத்திரண்டு வருடம் ஒரு தேதியைத் தப்பாகப் போடாத மனுஷி. அதைக் கேட்டபோது எனக்கு மனசே கேட்கவில்லை.

புதன்கிழமை ஆர்கனைசரைக் கடைக்குக் கொண்டுவந்து, எங்கள் கணினியில் பூட்டி, இருபது முறை சோதித்தேன். ஒரு பொய்க் குறிப்பை உண்டாக்குவேன். கணினியில் ஒரு மாற்றம், கருவியில் ஒரு மாற்றம், தொட்டில், பொத்தான். இருபது முறையும் கடைசியாக மாற்றியதுதான் வென்றது. தப்பே இல்லை. மண்டை காய்ந்துபோய் வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை காலை பீச் ஸ்ட்ரீட்டுக்கே போய் உட்கார்ந்தேன். மயில்வாகனம் அக்கரைக்குப் போயிருந்தார். முதல் சோதனை: கணினியில் மாற்றினேன், உடனே கருவியில் மாற்றினேன், பொத்தானை அமுக்கினேன். கருவியில் செய்த மாற்றம் காணாமல் போயிற்று. தூக்கிவாரிப் போட்டது. மறுபடி கணினியில் ஒரு மாற்றம் செய்தேன். அதற்குள் புஷ்பம் தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார். அவருடைய அம்மாவின் உடம்பு, விலைவாசி என்று பேச்சு வளர்ந்துவிட்டது. அதன் பிறகு கருவியில் மாற்றி அமுக்கினேன். சரியாக வந்தது. மூன்றாவது சோதனை, தவறு. நான்காவதை ஆரம்பித்துவிட்டு, நடுவில் எழுந்துபோய் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து செய்தேன். சரி.

தாளில் கட்டம் போட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தேன். கட்டத்தைப் பார்த்தால், தேநீர் குடித்தால் சரி, குடிக்காவிட்டால் தவறு என்றுதான் அர்த்தம் வந்தது. இருபத்தைந்து வருட அனுபவத்தில் இப்படி ஒரு பழுதை நான் பார்த்ததில்லை.

கட்டத்தில் இரண்டு நேரம் எழுதியிருந்தேன். கணினி மாற்றத்துக்குத் திரையின் மூலையில் இருந்த நேரம், கருவி மாற்றத்துக்குக் கருவியில் இருந்த நேரம். முதல் சோதனையில் கணினியில் மாற்றியது பத்து நாற்பது. அதற்குப் பிறகு கருவியில் மாற்றியது பத்துப் பன்னிரண்டு. பிறகு நடந்தது முன்னால் நடந்ததாக என் கையெழுத்திலேயே இருந்தது. சுவரைப் பார்த்தேன். வழக்கம்போல மனதுக்குள் அரை மணியைக் கழித்தேன். கழிக்கும்போதுதான் புரிந்தது. அந்த அலுவலகத்தில் அரை மணியைக் கழிக்கத் தெரியாதது கணினி ஒன்றுதான்.

தேநீரும் சாப்பாடும் அரை மணியைத் தாண்டியதால்தான் அந்த இரண்டு சோதனையும் சரியாக வந்தன, கடைக் கணினியிலோ கடிகாரம் சரியாக இருந்தது. புஷ்பம் நாற்காலியைப் பற்றி எழுதியது ஒன்பது முப்பத்தைந்துக்கு. கணினி அதைப் பத்து ஐந்து என்று குறித்துக்கொண்டது. மயில்வாகனம் தேதியை மாற்றியது பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது. தொட்டிலில் வைத்ததும் கணினி இரண்டையும் ஒப்பிட்டது. பத்து ஐந்துதான் கடைசி என்று முடிவு செய்து, புஷ்பத்தின் குறிப்பை வைத்துக்கொண்டு, புதிய தேதியை அழித்துவிட்டது. நான் சொன்னபடிதான் செய்தது.

பக்கத்து அலமாரியில் அவர்களுடைய கோப்பு இருந்தது. என் பழைய வேலைத்தாளின் வெள்ளைப் படியை எடுத்துப் பார்த்தேன். ஆறாவது வரி: கடைசியாக மாற்றியது வெல்லும் என அமைக்கப்பட்டது. ஏழாவது வரி: கணினிக் கடிகாரம் அரை மணி முன்னால் வைக்கப்பட்டது. அடுத்தடுத்த வரிகள். கீழே என் கையெழுத்து.

புஷ்பம் வாசலில் நின்றுகொண்டு, "கண்டுபிடிச்சிட்டீங்களா அண்ணே?" என்றார்.

"இன்னும் பாக்கணும் புஷ்பம்" என்றேன். பொய். கோப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். அந்தத் தெருவில் மட்டும் ஏழெட்டு வழக்கறிஞர்கள் எங்கள் கடையின் வாடிக்கையாளர்கள். இப்படி ஒரு காரணத்தால் ஒரு வழக்கு தள்ளுபடியானது என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தால், கடையின் கதி என்ன, என் கதி என்ன. இதையெல்லாம் இன்று சாக்காகச் சொல்லவில்லை. அன்று இதைத்தான் நினைத்தேன், கோழை மாதிரி.

சாயந்தரம் தவுக்கேயிடம் போய், கடைக் கோப்பிலிருந்த இளஞ்சிவப்புத் தாளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். நின்றபடியே ஆறாவது வரியை வாசித்தார், ஏழாவது வரியை வாசித்தார். ஜாதிக்காயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். தாளை வரிசை எண் பார்த்து, அதன் இடத்திலேயே செருகினார். நாளைக்கு வெள்ளிக்கிழமை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். போ என்கிறாரா, பொறு என்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

வெள்ளி காலை பாயான் லெப்பாஸ் பக்கம் மூன்று வேலை கொடுத்தார். அவர் என்னைத் தடுத்தார் என்று சொல்ல முடியாது. நான்தான் அந்த மூன்று வேலைக்குள் ஒளிந்துகொண்டேன். மூன்று மணிக்கே எல்லாம் முடிந்துவிட்டது. கை கழுவினேன். ஒரு கடையில் உட்கார்ந்து, தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட சென்டோல் சாப்பிட்டேன். இரண்டாவது கிண்ணம் கேட்கலாமா என்று நினைத்தபோதுதான், அந்தக் கடிதத்தின் ஓரத்தைப் புஷ்பம் அளந்து விட்டிருந்தது கண்முன் வந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

பீச் ஸ்ட்ரீட் மாடி ஏறியபோது என் கைக்கடிகாரத்தில் ஐந்துக்கு இருபது நிமிடம் இருந்தது. சுவர்க் கடிகாரம் ஐந்து பத்து காட்டியது. புஷ்பம் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். தண்ணீர்மலை முருகன் படம் ஒன்று, தலைவலித் தைலம், சொந்தக் காசில் வாங்கிய ஸ்டேப்ளர். ஒரு பையில் அடங்கிவிட்டது. கடிதத்தில் கையெழுத்து விழுந்திருந்தது. மயில்வாகனம் சொன்ன நேரம் ஐந்து. சுவரில் ஐந்து அடித்தது, போட்டுவிட்டார். அவர் அப்படிப்பட்ட மனிதர்.

உள்ளே போய், கோப்பிலிருந்த வெள்ளைப் படியை அவர் முன்னால் வைத்து, ஆறாவது வரியையும் ஏழாவது வரியையும் விரலால் காட்டினேன். என் கட்டத்தையும் வைத்தேன். தேநீர் என்று எழுதியிருந்ததை அடிக்கவில்லை. கால் மணி நேரம் பேசினேன். நேற்றே தெரிந்தும் சொல்லாமல் போனதையும் சொன்னேன். புஷ்பம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், பை கையில் இருந்தது.

மயில்வாகனம் தாளை இரண்டு முறை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, கணினிக் கடிகாரத்தை முன்னால் வைத்தது யார் என்று கேட்டார். நான் என்றேன். யார் சொல்லி என்று கேட்டார். நான் புஷ்பத்தைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவ ஆர் சொல்லி உம்மட்ட சொன்னவ?" என்று கேட்டவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து இருபத்தைந்து. பிறகு சட்டைக் கையை மேலே தள்ளி, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது எப்போதும் நீதிமன்ற நேரத்தில் ஓடுவது.

"இன்னும் அஞ்சு மணி ஆகேல்லை" என்றார். "மிஸ் புஷ்பம், கொப்பியை எடும்."

புஷ்பம் பையைக் கீழே வைத்தார். குறிப்பேடு பையின் அடியில் போயிருந்ததால், முருகன் படத்தையும் தைலத்தையும் மறுபடி மேசைமேல் எடுத்து வைத்துத்தான் அதை எடுக்க முடிந்தது.

அங்கேயே இரண்டு சத்தியப் பிரமாணப் பத்திரங்கள் தயாராயின, என்னுடையது ஒன்று, மயில்வாகனத்துடையது ஒன்று. என்னுடையதில் ஆறாவது வரியும் ஏழாவது வரியும் அப்படியே வந்தன. அவருடையதில் நான்காவது பத்தி, அலுவலகக் கடிகாரங்களைப் பற்றியது. அலுவலக வழக்கப்படி கடிகாரங்கள் அரை மணி முன்னால் வைக்கப்பட்டுள்ளன என்று முதலில் சொன்னார். புஷ்பம் எழுதிக்கொண்டார். பிறகு மயில்வாகனமே, 'அலுவலக வழக்கப்படி' என்பதை அடித்துவிட்டு 'என் உத்தரவின்படி' என்று போடச் சொன்னார். அடுத்த பத்தியில், புதிய தேதியைத் தன் ஊழியரிடம் வாயால் சொல்லத் தவறியதையும் சேர்த்தார். புஷ்பத்தின் பெயர் எந்தப் பத்தியிலும் தப்போடு சேர்த்து வரவில்லை.

திங்கட்கிழமை காலை சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைக்கு வந்தேன். தவுக்கே நின்றுகொண்டிருந்தார். வேலை போனாலும் போகட்டும் என்று நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். அவர் கேட்டது, வெள்ளிக்கிழமை போனதற்கு வேலைத்தாள் எங்கே என்பதுதான். எழுதவில்லை. உட்கார வைத்து எழுத வைத்தார். கணினிக் கடிகாரம் சரியான நேரத்துக்கு வைக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதி நீட்டினேன்.

"லெப்பாஸ் இத்து?" என்றார்.

இரண்டாவது வரி எழுதினேன்: தவறு எங்களுடையது என வாடிக்கையாளரிடம் தெரிவிக்கப்பட்டது. வாசித்துவிட்டு, என் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதையும் போட்டார். அதற்கு முன் அவர் எந்த வேலைத்தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அடுத்த முறை அச்சடித்து வந்த வேலைத்தாள்களில், முதல் வரிக்கும் மேலே, கடிகாரம் காட்டும் நேரம் என்று ஒரு கட்டம் புதிதாக இருந்தது. அந்தத் தெருவில் இரண்டு வழக்கறிஞர்கள் எங்களை விட்டுப் போனார்கள். மயில்வாகனம் போகவில்லை.

வழக்கை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். எங்கள் இரண்டு பத்திரங்களையும் வாசித்துவிட்டு, இப்போது மணி என்ன என்று நீதிபதி மயில்வாகனத்தைக் கேட்டாராம். இவர் சொன்னாராம். நீதிபதி தன் கடிகாரத்தோடு சரிபார்த்துவிட்டுத் தேதி கொடுத்தாராம். சுங்கை பாக்காப் அம்மாவுக்கு நாற்காலியும் கிடைத்தது.

அலுவலகத்தில் எல்லாக் கடிகாரத்தையும் சரியான நேரத்துக்கு மாற்றினார்கள். அந்த வாரம் மயில்வாகனம் இரண்டு முறை ஃபெரியைத் தவறவிட்டார். அடுத்த வாரம் நான் போனபோது சுவர்க் கடிகாரம் பழையபடி அரை மணி முன்னால் இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கணினித் திரையின் ஓரத்தில் மட்டும் புஷ்பம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். இது சரியான நேரம், யாரும் தொட வேண்டாம் என்று அதில் இருந்தது. 'யாரும்' என்பதன் கீழே கோடு போட்டிருந்தார்.

கையெழுத்துப் போட்ட அந்தக் கடிதத்தை என்ன செய்தார்கள் என்று எனக்கு ஒரு குறுகுறுப்பு. கிழித்துவிட்டாரா என்று புஷ்பத்திடம் கேட்டேன். சார் எந்தக் கடிதத்தையும் கிழிக்க மாட்டார், கோப்பில் வைக்கச் சொல்லிவிட்டார் என்றார்.

"எந்தக் கோப்புல?"

"என் கோப்புலதான் அண்ணே. சார் கையெழுத்துப் போட்ட நேரத்த மட்டும் ஓரத்துல எழுதி வச்சிருக்கேன்."

என்ன நேரம் என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை.

"நாலரை" என்றார்.